சுத்தி வந்து படு

அந்தக் காலத்தில், மிருகமும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசிக்கொண்டிருந்தபோது, நாய்க்குப் படுக்கவே தெரியாது. நின்றபடியே கண்ணை மூடும். ஒரு சருகு விழுந்தால் போதும், முழித்துக்கொண்டு ஓடும்.

அப்படி ஒரு செவலை நாய் காட்டைவிட்டு வந்து காத்தாயி வீட்டோடு ஒட்டிக்கொண்டது. காத்தாயி கூச்சக்காரி. பக்கத்து வீட்டில் நெருப்பு வாங்கப் போனால்கூட, யாராவது தன்னைப் பார்க்கிறவரைக்கும் வாசலிலேயே நிற்பாள். அவள் வாய்விட்டுப் பேசுவது செவலையோடு மட்டும்தான்.

அவளுடைய கைக்குழந்தைக்குப் பல் முளைக்கிற காய்ச்சல். மூன்று நாளாகத் தூக்கமில்லை. அது கண் சொருகும் நேரம் பார்த்துச் செவலை தடதடவென்று ஓடும். பிள்ளை வீறிடும். அழுது அழுது துணியாய்த் துவண்டுவிட்டது.

புருஷன் சடையனுக்குப் பொறுக்கவில்லை. "இந்தா புள்ள, நான் வயலுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள இது ஒரு இடத்துல அடங்கணும். இல்லேன்னா காட்டுக்கே துரத்திடுவேன்" என்று கம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பிள்ளை முகத்தைப் பார்த்தால் அவன் சொன்னதிலும் தப்பில்லை. காத்தாயி மூலையில் வைக்கோல் பரப்பி, மேலே பழைய சேலையை மடித்துப் போட்டாள்.

"இதுல படுடா."

"படுன்னா என்னக்கா?"

அவளே படுத்துக் காட்டினாள்.

"ஐயோ, விழுந்துட்டியாக்கா!" என்று அது அவள் முகத்தை நக்கியது.

"விழலைடா! காலை மடக்கி, வயித்தைக் கீழ வை."

வைத்தது. வெளியே கோழி கொக்கரித்தது. ஒரே ஓட்டம். கருவாட்டுத் துண்டைக் காட்டிக் கூப்பிட்டாள். வந்து தின்றுவிட்டு, "படுத்தது போதுமா? இன்னொரு துண்டு இருக்கா?" என்றது.

பொழுது சாய்ந்தது. சடையன் வருகிற நேரம். செவலை வாய்க்கால் சேற்றை மிதித்த காலோடு வந்து நின்றது. காத்தாயியின் தோளில் பிள்ளை முனகிக்கொண்டிருந்தது. "சுத்தமா வந்து படு" என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்துப் பிள்ளை அவள் வாய்க்குள் விரலை விட்டது. சொல் பாதி உள்ளே போய், "சுத்... வந்து படு" என்றுதான் வந்தது.

"சுத்தி வந்து படுக்கணுமா? இதை முதல்லயே சொல்லக் கூடாதா!"

சேலையின் மேல் ஒரு சுற்று சுற்றியது. இன்னொரு சுற்று. பிள்ளையின் கண்ணும் கூடவே சுற்றியது. முனகல் நின்றது. மறுபடி ஒரு சுற்று.

"அக்கா, கிறுகிறுங்குது" என்று செவலை அங்கேயே சுருண்டு விழுந்தது. மூக்கை வாலோடு சேர்த்துக்கொண்டது. அந்தக் கதகதப்பு அதற்குப் பிடித்துவிட்டது போல. கோழி கொக்கரித்தபோது ஒரு காது மட்டும் அசைந்தது.

காத்தாயிக்குத் தோள் கனத்தது. பிள்ளை தூங்கியிருந்தது. நெற்றியைத் தொட்டாள். வேர்த்திருந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது. அப்பாடா என்று அப்படியே சுவரில் சாய்ந்தாள். கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை.

சடையன் வாசலில் நின்று பார்த்தான். கம்பைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான்.

"எப்படி புள்ள படுக்க வச்ச?" என்று மெல்லக் கேட்டான்.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

செவலை ஒரு கண்ணைத் திறந்தது. "சரியா செஞ்சேனாக்கா?"

சேலையெல்லாம் சேறு. "ரொம்பச் சரிடா" என்றாள் காத்தாயி.

அன்று முதல்தான் நாய் படுக்கும் முன் அதே இடத்தில் சுற்றிச் சுற்றி வருகிறது. தப்பாகக் கேட்டுவிட்டாய் என்று அதனிடம் சொல்ல இன்றுவரை யாருக்கும் மனசு வரவில்லை.