மீசை போன உப்பு வியாபாரிகள்

மணற்குளம் ஜமீனில் உப்பு விற்க மூன்றே கடைகளுக்குத்தான் ஜமீன்தார் அனுமதி கொடுத்திருந்தார். மூன்றிலும் ஒரே விலை, அதுவும் யானை விலை.

"மூணு பேரும் கூடிப் பேசித்தான் விலை வைக்காங்க எசமான்" என்றாள் அரண்மனைச் சமையல்காரி வெள்ளத்தாய்.

ஜமீன்தார் சிரித்தார். "அவங்க ஒருத்தர் மூஞ்சியில ஒருத்தர் முழிக்க மாட்டாங்க. நாளைக்குள்ள நிரூபி. இல்லாட்டி அடுப்படிப் பக்கம் வராதே."

வெள்ளத்தாய் நேரே மூன்று வியாபாரிகளில் ஒருவரான நல்லபெருமாளின் கடைக்குப் போய் அவர் காதில் ஓதினாள்: "மீசை வச்ச வியாபாரிகிட்ட இனிமே உப்பு வாங்கக் கூடாதுன்னு ராணியம்மா சொல்லிட்டாங்க. உங்ககிட்ட மட்டும் சொல்லுதேன்."

மறுநாள் அவள் கேட்டுக்கொண்டபடி ஜமீன்தார் மூன்று வியாபாரிகளையும் வரவழைத்தார். மூவர் மேலுதட்டிலும் ஒரு முடி இல்லை.

"மீசை எங்கேய்யா?"

"வெயில் தாங்கலை எசமான்" என்றார்கள் மூவரும் ஒரே குரலில்.

"நான் ஒருத்தர்கிட்டதான் சொன்னேன் எசமான்" என்று நடந்ததை விளக்கினாள் வெள்ளத்தாய்.

ஜமீன்தாருக்கு முகம் சிறுத்துப்போனது. யார் வேண்டுமானாலும் உப்புக் கடை போடலாம் என்று அன்றே தண்டோரா போடச் சொன்னார். பொங்கலுக்குள் சந்தையில் புதுக் கடைகள் முளைத்தன, விலை பாதியானது.

ஒருநாள் நல்லபெருமாள் அவளை வழிமறித்து, "தாயி, மத்தக் கடையில இன்னைக்கு என்ன விலை சொல்லுதாங்க?" என்றார் கெஞ்சலாக.

"முதல்ல உங்க விலையைச் சொல்லுங்க" என்றாள் வெள்ளத்தாய்.