கை தூக்காத பரிபூரணம் அம்மாள்

மணல்மேடுகள் நிறைந்த தேரிக்காட்டை ஒட்டிய கிருபைவிளை ஆலயத்தில் பரிபூரணம் அம்மாள் நாள்தோறும் விடியுமுன் செம்மண் பெருக்குவார். காற்று மாதங்களில் பெருக்கி முடிப்பதற்குள் முன்வரிசையில் மறுபடி மண் படிந்துவிடும். முணுமுணுக்காமல் திரும்பவும் பெருக்குவார். பிறகு கதவருகே முழங்காலிட்டு, "ஆண்டவரே, இந்தச் சபையை உயிர்ப்பியும்" என்று மட்டும் ஜெபித்து எழுவார்.

ஆனால் ஆலயத்தில் அப்பமும் இரசமும் கொடுக்கும் திருவிருந்தை அவர் எடுப்பதில்லை. காரணம் பழையது. காணிக்கைப் பொருள்களை விற்கும் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்காகக் கட்டியிருந்த கிடா ஒன்று காணாமற்போனபோது, கோயில்மணி அடித்துவந்த அவருடைய கணவர் வேதக்கண் அதை ஓட்டிச் சென்றதைக் கண்ணால் கண்டதாகச் சபை மூப்பர் தவசிமணி சொன்னார். வேதக்கண்ணின் வேலை போயிற்று. திருடன் என்ற பெயரோடேயே அவர் இறந்தார். பிழைப்புக்காக அதே ஆலயத்தைப் பெருக்க வந்த அம்மாள், அயலாரோடு சமாதானமாக இருப்பவர்களே திருவிருந்துப் பந்திக்கு வரலாம் என்று சபைக் குருவான ஐயர் வாசிக்கும்போதெல்லாம் பின்வரிசையிலேயே இருந்துவிடுவார்.

அந்த ஆண்டு எழுப்புதல் கூட்டம் போட்டார்கள். எழுப்புதல் என்றால் என்ன என்று கேட்டால் அங்கே ஆளுக்கொரு பதில் வரும். நோய் நீங்குவது என்பார்கள், கூட்டம் பெருகுவது என்பார்கள். ஒலிபெருக்கி எவ்வளவு உரக்க அலறியதோ அவ்வளவுக்கு ஆவியானவர் இறங்கியதாகவும் பேசிக்கொள்வார்கள்.

"எல்லாரையும் மன்னிச்சவங்க கையைத் தூக்குங்க!" என்றார் வெளியூர்ப் பிரசங்கியார். பந்தலே கை தூக்கியது. மூப்பர் இரண்டு கைகளையும் தூக்கினார்.

பக்கத்து வீட்டு ரோஸ்மணி அம்மாளை இடித்தாள். "தூக்குங்க சித்தி. கை என்ன இரும்பா? ஊரே பாக்குது."

"உள்ள வரலையே ரோசு. வராம எப்படித் தூக்க?"

பிரசங்கியார் அதைக் கவனித்துவிட்டார். ஒரு கசப்பான வேர் இந்தச் சபையின் எழுப்புதலைத் தடுக்கிறது என்று முழங்கினார். "திருடன் பொண்டாட்டிக்கு வீம்பைப் பாருல!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சிலர் சிரித்தார்கள்.

மறுநாள் கமிட்டி கூடி அம்மாளை அழைத்தது. வரும் ஞாயிறு பந்திக்கு வர வேண்டும், இல்லையென்றால் வேலையை விட்டுவிட வேண்டும் என்றார் ஐயர். கமிட்டியில் தவசிமணியும் உட்கார்ந்திருந்தார்.

அம்மாள் அவரை நேராகப் பார்த்துவிட்டு ஐயரிடம் சொன்னார்: "மூப்பர் மேல எனக்கு வெறுப்பு இருக்கு ஐயா. இல்லைன்னு உங்களை நம்ப வச்சிருவேன். அப்பத்தைக் கையில வாங்கிக்கிட்டு ஆண்டவரை எப்படி நம்ப வைக்க?"

ஞாயிறன்று வழக்கம்போல் பெருக்கிவிட்டு, அதுவே கடைசி நாள் என்ற எண்ணத்தோடு பின்வரிசையில் அமர்ந்தார். முதல் பந்தியில் தவசிமணி முழங்காலிட்டார். ஐயர் அப்பத்தோடு வந்தபோது அவர் கையை நீட்டவில்லை. எழுந்து சபையைப் பார்த்துத் திரும்பினார்.

"வேதக்கண்ணு கிடாவை ஓட்டினதை நான் பாக்கல. அதைக் கெட்டிப் போட்டவன் நான்தான். முடிச்சைச் சரியாப் போடல, அவுந்து ஓடிட்டு. பழி என் மேல வந்திருமேன்னு அவன் பேரைச் சொல்லிட்டேன்."

யாரோ "அல்லேலூயா" என்று தொடங்கினார். கூடச் சொல்ல ஆளில்லை. ஆலயத்தில் அம்மாள் அழும் சத்தம் மட்டும் கேட்டது. ஐயர் கீழே இறங்கிவந்து அவரைப் பந்திக்கு அழைத்தார்.

"உண்மை வந்துட்டு ஐயா. மன்னிப்பு இன்னும் வரலை. பொறுங்க."

வேலையை விடும்படி சொல்ல அதன் பிறகு எவருக்கும் வாய் வரவில்லை. அடுத்த மாதத் திருவிருந்தில், யாரும் அழைக்காமலே அம்மாள் எழுந்து நடந்தார். தவசிமணியின் பக்கத்தில் இடம் இருந்தது. அங்கேயே முழங்காலிட்டார்.

இது தம் ஊழியத்தின் பலன் என்று அந்தப் பிரசங்கியார் வேறு ஊர்களில் சாட்சி சொல்லிவருவதாகக் கேள்வி. அதை நம்புவதற்கில்லை. தம் உள்ளத்தில் இல்லாததை இருப்பதாகக் கடவுளிடம் காட்டாத அந்த எளிய அம்மையாரின் கைகளில் அன்று அப்பம் வைக்கப்பட்டது, அதை நம்பலாம். அவருடைய பக்தி போற்றுதலுக்குரியது.