நாடிப் பெட்டி

"கருவியோட வாயில பிளாஸ்திரி ஒட்டி வச்சிருக்காங்க மேடம்."

சென்னியப்பன் உட்காரக்கூட இல்லை, வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். கோபம் வந்தால் அவருக்கு முதலில் காதுதான் சிவக்கும். இரண்டு காதும் சிவந்திருந்தன.

பூங்கோதை சர்க்யூட் போர்டில் ஒரு வயரைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"யாருங்கண்ணா ஒட்டினது?"

"ரெஜினான்னு ஒரு நர்ஸுங்க."

கோவை கணபதியில் இருக்கும் அந்தச் சின்னப் பட்டறையில் பூங்கோதை கண்டுபிடித்தவை நிறைய. பம்புசெட் மோட்டார் புகையாமல் காக்கும் சர்க்யூட்டில் தொடங்கி, மஞ்சள்காமாலை வந்த குழந்தைக்கு வெளிச்சம் காட்டும் விளக்கு வரைக்கும் எல்லாவற்றுக்கும் அவர் பெயரில் காப்புரிமை இருந்தது.

சென்னியப்பன் அவரைவிட மூத்தவர். மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டிக்கொண்டிருந்தவர், வயதைப் பார்க்காமல் அவரிடம் தொழில் படிக்க வந்தார். தலை நரைத்த பிறகு தன் பெயரில் முதல் காப்புரிமையை வாங்கினார். அன்றைக்குச் சர்க்கரை நோயாளிகளுக்குக்கூட லட்டு கொடுத்து அடம்பிடித்த மனிதர் அவர்.

அவர் கண்டுபிடித்தது ஒரு நாடிப் பெட்டி. நோயாளியின் விரலில் ஒரு கிளிப்பை மாட்ட வேண்டும். நாடி தவறினால் பெட்டி கூவும். ஒரு மருத்துவமனையில் ஒரு வார்டு முழுக்க அதை வாங்கி வைத்திருந்தார்கள்.

நேற்று அந்த வார்டில் ஒரு பெரியவருக்கு நாடி விழுந்துவிட்டது. பெட்டி கூவியிருக்கிறது. ஆனால் பிளாஸ்திரிக்குள் கூவியிருக்கிறது. காப்பி கொண்டுவந்த மருமகள் பார்த்துக் கத்தியதால் ஆள் பிழைத்தார்.

"சாயங்காலம் விசாரணைங்க. என்னையும் கூப்பிட்டிருக்காங்க. கோளாறு பெட்டியில இல்ல, அந்தப் பொண்ணுகிட்டத்தான்னு சொல்லப்போறேன்."

"சொன்னா அந்தப் பொண்ணுக்கு வேலை போயிருமா?"

"போயிருமுங்க. போகட்டும். ஒரு உசுரோட விளையாடலாமுங்களா?"

"விளையாடக் கூடாதுங்க."

ஆசிரியர் தன் பக்கம்தான் என்று சென்னியப்பனுக்குச் சந்தோஷமாகிவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு வரைபடத்தை எடுத்து மேஜையில் விரித்தார்.

"இன்னொரு யோசனையும் இருக்குதுங்க. சத்தம் வர்ற ஓட்டையை யாராலயும் அடைக்க முடியாதபடிக்கு ஒரு கூடு. அதுக்கும் பேடன்ட் போட்டுரலாம். நீங்க ஒரு பார்வை பாத்துட்டீங்கன்னா போதும்."

"பெட்டி கையில இருக்குதுங்களா?"

இருந்தது. அவர் அதில்லாமல் எங்கேயும் போவதில்லை.

"எனக்கு மாட்டி விடுங்க. வேலை செஞ்சுக்கிட்டே கேக்கறேன்."

சென்னியப்பன் கிளிப்பை அவருடைய இடது கை விரலில் மாட்டிவிட்டு, பெட்டியை வரைபடத்துக்குப் பக்கத்தில் வைத்தார். பூங்கோதை வயரை எடுத்தார். பெட்டி கூவியது.

"அது ஒண்ணுமில்லீங்க. விரல் அசைஞ்சா அப்படித்தான்." பொத்தானை அழுத்தி நிறுத்தினார்.

பூங்கோதை டீ டம்ளரை எடுத்தார். பெட்டி கூவியது.

"இதுவும் ஒண்ணுமில்லீங்க."

பூங்கோதை இருமினார். பெட்டி கூவியது.

"இருமினாக்கூடங்களா?"

"நாடியைத் தவற விட்டறக் கூடாதில்லீங்களா? அதனால கொஞ்சம் உஷாராவே வச்சிருக்கறேன். அது கூவறது ஒவ்வொண்ணும் ஒரு உசுருங்க மேடம்."

"வார்டுல எத்தனை கட்டிலுக்கு இது இருக்குது?"

"எல்லாக் கட்டிலுக்கும்," என்றார் பெருமையாக.

பிறகு கூட்டைப் பற்றி ஆரம்பித்தார். நாலு பக்கமும் துளை. உள்ளே ரப்பர் வளையம். பெட்டி கூவியது. நிறுத்தினார். ரப்பருக்குப் பின்னால் ஒரு வலை. பெட்டி கூவியது. நிறுத்தினார். வலைக்குப் பின்னால் என்ன என்பது அவருக்கே மறந்துபோனது. குரலை உயர்த்திப் பார்த்தார். பெட்டியும் விடுவதாக இல்லை.

"சித்த நேரம் பேச விடுதா பாரு, சனியன்."

சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நாலாக மடித்தார். பெட்டியின் வாயில் வைத்து, அதன்மேல் ஈயக்கம்பிச் சுருளைத் தூக்கி வைத்தார். சத்தம் அடங்கியது.

"வலைக்குப் பின்னாடி என்னன்னா," என்று நிம்மதியாகத் தொடர்ந்தார்.

அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. வரைபடத்தின் மேல் குனிந்தவர் குனிந்தவர்தான். ஒவ்வொரு துளையையும் விரலால் தொட்டுத் தொட்டு விளக்கினார். முதலில் பூங்கோதை ‘ம்’ கொட்டினார். போகப்போக அதுவும் நின்றுவிட்டது. ரொம்பக் கவனமாகக் கேட்கிறார்கள்போல என்று சென்னியப்பன் நினைத்துக்கொண்டார். பேசுகிறவர்கள் எல்லாருமே அப்படித்தான் நினைப்பார்கள்.

கடைசித் துளையையும் சொல்லி முடித்துவிட்டு, பாராட்டை எதிர்பார்த்து நிமிர்ந்தார்.

பூங்கோதை கையைக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளிப் அவர் விரலில் இல்லை. டீ டம்ளருக்குப் பக்கத்தில் மேஜைமேல் கிடந்தது. கைக்குட்டைக்கு அடியில் பெட்டி விடாமல் முனகிக்கொண்டிருந்தது.

"நான் செத்து எவ்வளவு நேரமாச்சுங்கண்ணா?"