ஈ இல்லாத மாதத்தில் ஈ ஓட்டியவள்

முன்னொரு காலத்தில், கேளுங்கள் மக்களே, ஒரு மலையடிவாரத்தில் ஒரேயொரு மாட்டுத் தொழுவம் இருந்தது. அதில் நாற்பது மாடுகள். அவற்றை வளர்த்தவர்கள் மாசானமும் அவன் மனைவி ஆவுடையும்.

ஒரு மழைநாளில் ஈச்சட்டை மந்திரவாதி வந்தான். அவன் உடம்பில் துணி கிடையாது. ஆயிரமாயிரம் ஈக்கள்தான் சட்டையாக மொய்த்துக்கொண்டிருக்கும். "உள்ளே வராதே, மாடு மிரளும்!" என்று மாசானம் தடுத்தான். மந்திரவாதிக்கு மூக்குக்கு மேல் கோபம். விரலைச் சொடுக்கினான். மாசானம் காளையாகிவிட்டான்!

ஆவுடை காலில் விழவில்லை. "மாத்துறதுக்கு வழி சொல்லிட்டுப் போ!" என்று மறித்தாள்.

"ஐப்பசிப் பௌர்ணமியன்று வருவேன். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை இவன் முதுகில் ஓர் ஈகூட உட்காரக் கூடாது. மூன்று ஐப்பசி தருகிறேன். தவறினால் ஆயுசுக்கும் காளைதான்!"

மழைக்காலத்தில் கடி ஈ மொய்க்காத மாடு ஏது? முதல் ஐப்பசியில் வேப்பங்குழையால் விசிறினாள். ஈ உட்கார்ந்தது. இரண்டாம் ஐப்பசியில் நொச்சி மூட்டம் போட்டாள். புகை கலைந்ததும் ஈ உட்கார்ந்தது. முதுகெல்லாம் ரத்தப் புள்ளி.

"விட்டுடு புள்ள, இப்படியே இருந்துக்கிறேன்" என்றது காளை.

"சும்மா இருங்க மாமா! இன்னொரு ஐப்பசி இருக்கு."

அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். பிறகு யோசித்தாள். மழைக்கு ஈ வருகிறது, சரி. அதற்கு முன்னால் எங்கே இருக்கிறது?

பங்குனி வெயிலில் தொழுவத்தில் ஓர் ஈகூடக் கண்ணில் படவில்லை. ஆவுடை தேடினாள். ஒழுகும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஈரச் சாணமும் மக்கிய வைக்கோலும் கிடந்தன. கிளறினாள். புழு நெளிந்தது! ஒன்றிரண்டு வாரத்தில் அத்தனையும் ஈயாகும்.

தொட்டியின் ஓட்டையை அடைத்தாள். அள்ளினாள், பரப்பினாள், காய வைத்தாள்.

பால் வாங்க வந்தவர்கள் சிரித்தார்கள். "வேலை இல்லாதவன்தான் ஈ ஓட்டுவான். இவ ஈயே இல்லாத மாசத்துல ஓட்டுறா!"

"நல்லா சிரிங்க" என்றாள். சித்திரையிலும் ஆடியிலும் ஒரு நாள் விடாமல் அள்ளினாள், பரப்பினாள், காய வைத்தாள். மழை தொடங்கியதும் கூரைக்குக் கீழே பரப்பிச் சாம்பல் தூவினாள்.

மூன்றாம் ஐப்பசிப் பௌர்ணமி வந்தது. மந்திரவாதியும் வந்தான். ஐயோ பாவம்! அவன் சட்டை ஈக்கள் பிறப்பதே அந்தத் தொழுவத்து ஈரத்தில்தான். பழையவை செத்துவிட்டன, புதியவை பிறக்கவில்லை. தோள் தெரிந்தது, தொப்பை தெரிந்தது. பொழுது சாயும் நேரத்தில், மிச்சமிருந்த ஒரே ஈயைக் காளை மேல் ஏவினான்.

முதுகுக்கு ஒரு சாண் மேலே அதை ஆவுடை இரண்டு கையாலும் பட்டென்று அடித்தாள்.

சூரியன் மறைந்தது. மந்திரவாதி வெட்கத்தில் புதர் புதராக ஒளிந்து ஓடிப்போனான். காளை நின்ற இடத்தில் மாசானம் நின்றான். தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஓவென்று அழுதான். ஆவுடையும் கட்டிக்கொண்டு அழுதாள். மறுநாள் நாற்பது மாடும் குடம் குடமாய்க் கறந்தன. கதை கேட்ட உங்கள் வீட்டிலும் பால் பொங்கட்டும்.

மாசானம் காலை நீட்டி உட்காரப் போனான்.

"எங்க உட்கார்றீங்க மாமா? இன்னைக்கும் ஐப்பசிதான். மம்பட்டிய எடுங்க" என்றாள் ஆவுடை.