அரை நூல் தள்ளி

சொட்.

வெயிலில் நடந்து வந்த கண்ணுக்கு, குன்றின் மேலிருந்த மடத்தின் பம்ப் கொட்டகைக்குள் எதுவும் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. தகரத்தில் எண்ணெய் விழுகிற சத்தம்.

சொட்.

“கிராங்க் சீல் போயிருச்சு,” என்றான் மெக்கானிக் சிகாமணி, இருட்டைப் பார்த்து.

“அதைச் சொல்லவா குன்று ஏறி வந்தீங்க?”

உள்ளே முறத்தை மடியில் வைத்துக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார் மடத்து அம்மா. ஐம்பதைத் தொடும் அவனைவிட எப்படியும் பத்து வயது இளையவர்.

“இல்லம்மா.” மெக்கானிக் வாசலிலேயே உட்கார்ந்தான். “பையன் காய்ச்சல்ல செத்து வருசம் ஆச்சு. இன்னமும் சாயங்காலம் மணி அடிச்சா, கால் தானா எந்திரிச்சுப் பள்ளிக்கூட வாசலுக்குப் போயிருது. கடைசிப் பிள்ளை வெளிய வர்ற வரைக்கும் நிக்கிறேன். வாட்ச்மேன் இப்பல்லாம் முகத்தைத் திருப்பிக்கிறாரு.”

“நான் என்ன செய்யணும்?”

“அழிச்சு விடுங்க. அந்த நினைப்பை. சுத்தமா.”

அம்மா எண்ணெய் ஒழுகிய பம்ப் இன்ஜினைக் காட்டினார்.

“கீழ் ஊருக்குக் குடிதண்ணி இதுலதான் போகுது. முதல்ல இதைப் பாருங்கண்ணே.”

கீழே போய்க் கருவிப் பெட்டியும் புது சீல்களும் எடுத்து வந்து, முழுசாகப் பிரித்துப் போட்டான். கிராங்க் ஷாஃப்டைக் கழுவித் துடைத்தான். எண்ணெயை அடைத்து நிற்கிற சீலின் ரப்பர் விளிம்பு ஒரே இடத்தில் உரசி உரசி, சுழலும் இரும்பைச் சுற்றி ஒரு தடம். பார்வைக்கு மயிரிழைதான். நகத்தை ஓட்டினான். நகம் மாட்டிக்கொண்டது.

உப்புத்தாளை எடுத்தான்.

தேய்த்தான். அன்றைக்கும் தேய்த்தான், மறுநாளும் தேய்த்தான்.

“இவ்வளவு தேய்க்கிறீங்களே, சந்தனம் வந்துச்சாண்ணே?” என்று கேட்டபடி கடந்து போனார் அம்மா. அவன் நிமிரவில்லை.

தடம் மறைந்த மாதிரி இருந்தது. புது சீலை அடித்து இறக்கி, எல்லாவற்றையும் பூட்டி, ஓட விட்டான்.

சொட். சொட். சொட்.

முன்பைவிட மோசம். தேய்த்த இடத்தில் இரும்பு இளைத்துப்போயிருந்தது. ரப்பருக்குப் பிடி கிடைக்கவில்லை.

ஸ்பானரை வீசினான். தகரம் கவிழ்ந்தது.

“இரும்புல விழுந்த தடமே போகமாட்டேங்குது. எனக்கு எங்கேம்மா போகும்?”

அம்மா முறத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கீரையைக் கிள்ளினார்.

“அடுத்தவங்க இன்ஜின் இப்படி வந்தா என்ன பண்ணுவீங்க?”

“அதுக்கென்ன. சீலை முழுசா இறக்கமாட்டேன். அரை நூல், ஒரு அரிசி கனம், வெளிய நிறுத்துவேன். தேயாத இடமாப் பார்த்து உட்காரும்.”

“தேய்க்கமாட்டீங்க?”

“யாராவது தேய்ப்பாங்களா?”

சொன்னவன் கண் உப்புத்தாளில் போய் நின்றது.

“அப்ப அந்தத் தடம்?”

வீசிய ஸ்பானரை எடுத்துத் துடைத்தான்.

“அது பாட்டுக்குப் பக்கத்துலயே கிடக்கும்.”

மறுபடி பிரித்தான். இன்னொரு சீலை அரை நூல் வெளியே நிறுத்திப் பூட்டினான். இன்ஜின் ஓடியது. இருவரும் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சொட்டு விழவில்லை.

இன்ஜினை நிறுத்தினான்.

“புது இடமும் ஒரு நாள் தேயும்லம்மா?”

“தேயும்.”

“அப்ப?”

அம்மா முறத்தை அவன் பக்கம் தள்ளினார்.

கீழ் ஊரில் பள்ளிக்கூட மணி அடித்தது.

அவன் எழுந்தான். கொட்டகை வாசல் வரைதான் போனான். பிள்ளைகளின் இரைச்சல் குன்றேறி வந்தது. கடைசிக் குரல் அடங்கும்வரை அங்கேயே நின்றான்.

பிறகு திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு கீரைத்தண்டை எடுத்து, இலையைக் கிள்ளி முறத்தில் போட்டான்.