ஊறவைத்த மாப்பிள்ளை

கடவுள் புத்தியைப் பங்கு வைத்த அன்றைக்கு ஊரோடு சந்தைக்குப் போயிருந்தவர்கள் அசமந்தூர்க்காரர்கள். திரும்பி வந்தபோது சட்டியில் அடிப்பற்றுதான் மிச்சம். அதையும் சுத்தமாகக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள்.

அந்த ஊர்ப் பிச்சைக்கண்ணுவுக்குக் கிட்னி பழுது. டாக்டரம்மா அவன் பெண்டாட்டி அன்னக்கொடியையும் அவளுடைய அண்ணன்மார் வீரணன், தவசி இருவரையும் உட்காரவைத்து, பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார்:

"வாழைப்பழம், ஆரஞ்சு, இளநீர் கூடவே கூடாது. அதுல பொட்டாசியம் ஜாஸ்தி. இவரு கிட்னியால அதை வெளிய தள்ள முடியாது. ஏறிப்போனா நெஞ்சு நின்னுடும். காய்கறின்னா பொடிசா நறுக்கி, நிறைய தண்ணில ஊறவெச்சு, அந்தத் தண்ணியக் கொட்டிட்டு, உப்பைக் குறைச்சுச் சமைங்க. பொட்டாசியம் தண்ணியோட போயிடும்."

அண்ணன்மார் தலையாட்டினார்கள். தலை நன்றாகத்தான் ஆடியது.

மறுநாள் அன்னக்கொடி களையெடுக்கப் போனாள். காவலுக்கு அண்ணன்மார். நோயாளியைப் பார்க்க ஊரே வந்தது. வெறுங்கையோடு வரலாமா? ஆளுக்கொரு சீப்பு வாழைப்பழம். "ஒண்ணு தின்னா ஒண்ணும் ஆகாதுப்பா" என்று ஒவ்வொருவரும் ஒன்றுதான் ஊட்டினார்கள். இரண்டு ஊட்டியவர் ஒருவர்கூட இல்லை. அந்த விஷயத்தில் ரொம்பக் கட்டுப்பாடான ஊர்.

மத்தியானம் பிச்சைக்கண்ணுவுக்குக் கால் துவண்டது. "மச்சான், நெஞ்சு என்னமோ பண்ணுது."

அண்ணன்மார் கூடிப் பேசினார்கள்.

"பழம் உள்ள போயிருச்சேடா. இனி எப்படி ஊறவெக்கிறது?"

"மாப்ளையோட சேர்த்து ஊறவெக்க வேண்டியதுதான்."

"முதல்ல பொடிசா நறுக்கணும்னாங்களே!" வீரணன் அரிவாள்மனையோடு வந்துவிட்டான்.

பிச்சைக்கண்ணு கையெடுத்துக் கும்பிட்டான். "முழுசா ஊறவெக்கக் கூடாதா மச்சான்?"

தவசி நெடுநேரம் யோசித்தான். "வெக்கலாம். என்ன, நேரம் கொஞ்சம் கூட ஆகும்."

குளத்தில் கழுத்தளவு இறக்கினார்கள். அப்புறம் தண்ணீரைக் கொட்ட வேண்டுமே! ஆளுக்கொரு செம்பால் குளத்தை மொண்டு மொண்டு கரையில் ஊற்றினார்கள். ஊற்றியதெல்லாம் சரிந்து குளத்துக்கே திரும்பியது.

"குளம் குறையலையேண்ணே?"

"மாப்ளகிட்டயிருந்து ஊறிக்கிட்டே இருக்குடா. எவ்வளவு வெச்சிருந்திருக்காரு பாரு!"

அன்னக்கொடி வந்து பார்த்தாள். கையில் இருந்த களைக்கொத்தால் அண்ணன்மார் முதுகில் இரண்டு போடு போட்டுவிட்டு, புருஷனை ஆட்டோவில் அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தாள். அங்கே மிஷினை மாட்டி ரத்தத்தைச் சுத்தம் பண்ணினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆள் இல்லை என்றார் டாக்டரம்மா.

பின்னாலேயே வந்த வீரணன் கேட்டான்: "பொட்டாசியம் எங்கம்மா போச்சு?"

"மிஷின் தண்ணியில இறங்கிடுச்சு. அந்தத் தண்ணியக் கொட்டிட்டோம்."

அண்ணன்மார் ஒருவரையொருவர் பெருமையாகப் பார்த்துக்கொண்டார்கள். "இதைத்தானே நாம ஓசியில செஞ்சோம்! ஒரு பொம்பளை வந்து பாதியில கெடுத்துட்டா." சொல்லிவிட்டு அவசரமாக ஊருக்குக் கிளம்பினார்கள்.

பிழைத்த புருஷனோடு அன்னக்கொடி வீடு திரும்பியபோது, வாசலில் கல்யாண அண்டா. அடியில் விறகு திகுதிகுவென்று எரிந்தது. வீரணன் கரண்டியோடு நின்றான். தவசி ஓடிவந்து பிச்சைக்கண்ணுவின் கையைப் பிடித்தான்.

"வாங்க மாப்ள. ஊறவெச்சாச்சு, தண்ணியும் கொட்டியாச்சு. பயப்படாம உள்ள இறங்குங்க, உப்பு கம்மியாத்தான் போட்டிருக்கோம்."