உயிரோடு இருந்த ஆமைக்கு வந்த இரங்கல் செய்தி

ஆலங்காட்டில் சடையன் என்றொரு குரங்கு இருந்தான். செல்போனில் 'காட்டுக்குரல்' என்ற பத்திரிகை நடத்திவந்தான். காட்டில் செல்போன் ஏது என்று கேட்காதீர்கள். குரங்கு பத்திரிகை நடத்துவதை நம்பிவிட்டுப் போனில் போய்ச் சந்தேகப்பட்டால் எனக்குக் கோபம் வரும்.

காட்டின் தலைவி யானை பேச்சி. அவள்தான் பத்திரிகை நடத்தச் சடையனுக்கு உச்சி ஆலமரத்தைக் கொடுத்திருந்தாள். சிக்னல் முழுதாகக் கிடைக்கும் ஒரே மரம் அது. கொடுக்கும்போதே கண்டித்துச் சொல்லியிருந்தாள்.

"யார் படத்தைப் போட்டாலும் அவங்களைக் கேட்டுப் போடு. தப்பாப் போட்டுட்டா நீயே போய் ஒத்துக்கோ. மறைச்சேன்னு தெரிஞ்சுது, மரத்தை விட்டு இறங்கிடணும்."

"சரிங்கம்மா" என்றான் சடையன். தலையாட்டுவதற்குக் காசா பணமா?

ஒருநாள் அவன் இரங்கல் செய்திக்கென்று புதுப் பக்கம் அமைத்தான். கறுப்புக் கட்டம், நடுவில் படம், கீழே கண்ணீர்த்துளி. எல்லாம் சரியாக வருகிறதா என்று பார்க்க ஒரு சோதனைச் செய்தி வேண்டும். ஆனால் அந்தப் பாழாய்ப்போன வாரத்தில் காட்டில் யாருமே சாகவில்லை.

"முத்திருளண்ணன் பேரைப் போடு" என்றான் கூட்டாளி நரி ஓலையன். முத்திருளன் குளத்துக்கரை ஆமை. "தூங்கும்போது எடுத்த படம் இருக்கு. அவர் அளவுக்கு ஆடாம அசையாம நிக்கிற ஆள் வேற யார்?"

"கேட்க வேண்டாமா?"

"சோதனைதானே. நாம ரெண்டு பேர் மட்டும் பார்க்கப்போறோம்."

சடையன் எழுதினான்: 'குளத்துக்கரை முத்திருளன் காலமானார்.' பக்கம் அழகாக இருந்தது. அந்த நேரம் பார்த்து முதுகில் பேன் கடித்தது. குரங்குக்குப் பேன் கடித்தால் உலகமே மறந்துபோகும். இரண்டு கையாலும் முதுகைத் துழாவினான். வால் சும்மா இருக்குமா? 'வெளியிடு' பொத்தானில் போய் உட்கார்ந்தது.

செய்தி காடெங்கும் போய்விட்டது. பதறிப்போய் அழித்தான். என்ன பிரயோசனம்? அதற்குள் கிளிகள் படித்துவிட்டன. கிளி எதையாவது படித்தால் மரத்துக்கு மரம் போய் ஒப்பிக்காமல் விடுமா?

முத்திருளனிடம் போன் கிடையாது. வாசலில் ஒப்பாரிச் சத்தம் கேட்டு வளையை விட்டு வெளியே வந்தார்.

"யாருக்கு என்னாச்சு?"

"உங்களுக்குத்தாண்ணே" என்று உடும்பு விம்மியது. அது அழுதுகொண்டே அவர் வளையின் அகலத்தை அளந்துகொண்டிருந்தது.

"நான் நல்லா இருக்கேனே."

"அப்படித்தாண்ணே தோணும். ஆனா போன்ல போட்டுட்டாங்க."

காடே கூடி அவரை முறைத்துப் பார்த்தது. முத்திருளனுக்கோ கூச்ச சுபாவம். நாலு பேர் பார்த்தாலே ஓட்டுக்குள் போய்விடுவார். நானூறு பேர் பார்த்தால்? தலை, கால், வால் எல்லாம் உள்ளே போய்விட்டன.

"அவ்வளவுதான், போயிட்டார்" என்றது மயில்.

"நான் இருக்கேன்" என்று ஓட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஐயையோ, ஆவி பேசுது. சீக்கிரம் குழியைத் தோண்டுங்க" என்றது உடும்பு.

பன்றிகள் குழி தோண்டின. ஆமையை உள்ளே இறக்கினார்கள். பேச்சி கண்ணீரோடு தும்பிக்கையில் மண்ணை அள்ளினாள்.

சடையன் ஓடிவந்தான். ஓலையன் அவன் வாலைப் பிடித்து இழுத்தான்.

"எங்கடா போற? இப்ப போய்ச் சொன்னா இத்தனை நேரம் ஏன் மறைச்சேன்னு கேட்பாங்க. மரம் போயிடும்."

"சொல்லலைன்னா அண்ணன் போயிடுவாரே!"

"போகட்டும். செய்தியைத் திருத்துறது கஷ்டம், ஆமையைத் திருத்துறது சுலபம். பேச்சி மண்ணைப் போட்டாச்சுன்னா நம்ம செய்தி தானா உண்மையாயிடும்."

சடையன் நின்றுவிட்டான். மரத்தை நினைத்துப் பார்த்தான். சிக்னலை நினைத்துப் பார்த்தான். அந்தப் பாவிக்கு அந்த நேரத்திலும் மரம்தான் பெரிதாகத் தெரிந்தது.

அப்போது குழிக்குள்ளிருந்து முத்திருளன் மெதுவாகக் கேட்டார்.

"சடையன் இருக்கானா? தம்பி, நீ போட்டா சரியாத்தான் இருக்கும். எனக்கு இருக்கிற மாதிரியேதான் இருக்கு. ஆனாலும் எதுக்கும் இன்னொரு தடவை பார்த்துச் சொல்லு. நான் இருக்கேனா, செத்துட்டேனா?"

சடையன் வாலை உதறிக்கொண்டு குழிக்குள் குதித்தான். ஆமையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டான்.

"இருக்கீங்கண்ணே! சோதனைக்குப் போட்டேன், கேட்காம போட்டேன், கைதவறிப் போயிடுச்சு. மரத்துக்குப் பயந்து மறைச்சேன். தப்பு என்னோடது."

"அப்ப வளை?" என்று கேட்டது உடும்பு.

பேச்சி தும்பிக்கையிலிருந்த மண்ணைச் சடையன் தலையிலேயே கொட்டினாள். "மரத்தை விட்டு இறங்கு. அதுக்கு முன்னாடி, செய்தி எந்தெந்த மரத்துக்குப் போச்சோ அங்கெல்லாம் அண்ணனைச் சுமந்துபோய்த் தப்பை ஒத்துக்கோ."

சடையன் சுமந்துகொண்டு காடு முழுக்க அலைந்தான். பொய் பறந்த வழியை அவன் நடந்து கடக்க வேண்டியிருந்தது. திரும்பி வந்ததும் முத்திருளன் தலையை வெளியே நீட்டினார்.

"அம்மா, மரம் அவன்கிட்டயே இருக்கட்டும். ஆனா இனிமே சோதனைச் செய்திக்கெல்லாம் அவன் பேரையே போடணும்."

பேச்சி சிரித்துவிட்டாள். அப்படியே தீர்ப்பானது.

இப்போதெல்லாம் சடையன் வேலைக்கு உட்காருமுன் வாலைக் கிளையில் கட்டிவிடுகிறான். பேன் கடித்தாலும் கை அசைவதில்லை. எதிரே கறுப்புக் கட்டத்தில் 'ஆலமரத்துச் சடையன் காலமானார்' என்றல்லவா இருக்கிறது! பக்கத்தில் ஓலையன் ஆசையோடு கேட்பான்: "நான் வேணா ஒரு தடவை அழுத்திப் பார்க்கட்டுமா?" கீழே உடும்பு ஆலமரத்தின் அகலத்தை அளந்துகொண்டிருக்கும்.

ஊருக்குச் சொல்லப்போகும் செய்தியில் அடுத்தவர் பேர் இருக்கும் இடத்தில் உங்கள் பேரை வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு பொத்தானை அழுத்துங்கள்.